வலிக்காத கட்டியும் கவனிக்க வேண்டிய கட்டியே





புற்றுநோய் என்றதும் மார்பகம், குடல், நுரையீரல் என்றுதான் நம் நினைவு ஓடும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, பலரும் பெயர்கூடக் கேட்டிராத 'சார்கோமா'. தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களில் உண்டாகும் புற்று இது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். ஆனால், அந்த ஒன்றுக்குள் 50க்கும் மேற்பட்ட வகைகள் அடங்கியுள்ளன.

கண்டுபிடிப்பதில் உள்ள சிரமமும் அதுவே. உடம்பில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டி போன்ற தீங்கில்லாத கட்டிகள். அவற்றுக்கு நடுவே இது ஒளிந்துகொள்கிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. நாமோ வலித்தால்தான் மருத்துவரைத் தேடுகிறோம். தொடையில் உள்ள கட்டியைக் காட்டக் கூச்சப்பட்டு நம் பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். விழுந்த அடியின் வீக்கம் என்று எண்ணி எண்ணெய் தடவி உருவிவிடுவோரும் உண்டு.

நான்கு அடையாளங்களை மனத்தில் வைப்போம்: கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, தோலுக்கு அடியில் ஆழமாக இருப்பது, அகற்றிய பின் மீண்டும் வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டிச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்போம்.

"சின்னக் கட்டிதானே, வெட்டி எடுத்துவிடலாம்" என்று அவசரப்பட வேண்டாம். என்னவென்று அறியாமல் வெட்டினால், புற்றணுக்கள் சுற்றியுள்ள திசுக்களில் பரவக்கூடும். இரண்டாவது அறுவை இன்னும் பெரிதாகிவிடும். முதலில் எம்.ஆர்.ஐ. படம், பிறகு ஊசிவழித் திசுச் சோதனை, அதன் பின்னரே அறுவை. வகைகள் பல என்பதால், அனுபவமுள்ள நோய்க்கூறு நிபுணர் அத்திசுவைப் பார்ப்பது முக்கியம். முடிவு தாமதமானால் பொறுத்திருப்போம். சரியான சிகிச்சை அந்த முடிவைப் பொறுத்ததே.

காலை எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சி மறைப்போருக்கு ஒரு நல்ல செய்தி. காலை அகற்றாமல் கட்டியை மட்டும் அறுத்தெடுத்துக் கதிரியக்கச் சிகிச்சை தந்தாலும், உயிர் பிழைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1982இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. இன்று பெரும்பாலோர்க்குக் கை கால்களைக் காப்பாற்ற முடிகிறது. அதற்கு நாம் காலத்தோடு போக வேண்டும்.

உடல் இறைவன் நம்மிடம் தந்த அமானிதம். துஆவும் கேட்போம், மருத்துவமும் செய்வோம். தனியே போகத் தயங்கும் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் துணையாகச் செல்வோம். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் தயங்காமல் கேட்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.