கடைப்பலகையும் கடைநெறியும்
(சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருட் பலர் கடை வைத்து வாழ்பவர். எஞ்சியோர் அக்கடைகளிற் பொருள் கொள்பவர். ஆதலின், விற்பார் தம்மை ஊரார்க்கு எவ்வாறு அறிவித்தல் தகும், வந்தாரை எவ்வாறு நடத்துதல் தகும் என்பன குறித்துச் சில கூறக் கருதினோம்.

விளம்பரம் மேனாட்டார் தந்த புதுமையன்று. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைகளிற் கொடிகள் பறந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அவ்வூர் வணிகர் நடுவுநிலை பிறழாது, விலையை ஒளியாது உரைத்து விற்றமையையும் அந்நூலே கூறுகின்றது. கொடியும் இருந்தது, நாணயமும் இருந்தது. எனவே கொடியை யாம் குறை கூறோம்.

ஆயின் இக்காலப் பலகைகளை நோக்குங்கள். ஆடி பிறந்தவுடன் '50 சதவீதம் வரை தள்ளுபடி' என்பர். 50 என்பது ஆளுயரம். 'வரை' என்பது கடுகளவு. எல்லை காட்டுதற்குரிய சொல்லை எல்லையை மறைத்தற்கு நிறுத்தினர். தமிழாசிரியராகிய எமக்கு அச்சொல்லின்மேல் இரக்கமே உண்டாகின்றது. '99 ரூபாய் முதல்' என்பதிலுள்ள 'முதல்' அதன் உடன்பிறப்பு. ஆனியில் 800 ரூபாய்க்கு விற்ற சேலைக்கு 1,200 என்று சீட்டு ஒட்டி, ஆடியில் மூன்றிலொரு பங்கு தள்ளி 800க்கே கொடுப்பாரும் உளர். 400 ரூபாய் மிச்சமென்று மகிழ்ந்து செல்லும் அம்மையார்க்கு மிஞ்சியது ஒரு காசுமில்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மயக்கும் விளம்பரத்தை நிறுத்துமாறு வணிகர்க்குக் கட்டளையிட இடந்தருகின்றது. பொருளைச் செய்வார்க்கும், அதனைப் புகழ்ந்து பேசும் நடிகர் முதலியோர்க்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். (சட்டத்திலும் ஒரு 'வரை' உண்டு.)

தராசின் செய்தி இன்னும் நுட்பமானது. இனிப்பை அட்டைப்பெட்டியோடு நிறுத்தல் பலர்க்கு வழக்கமாய்விட்டது. பெட்டி 50 கிராம் என்று கொண்டால், கிலோ 600 ரூபாய் விலையில் 30 ரூபாய்க்கு அட்டை விற்றாராகின்றார். பெட்டியின் எடையைக் கழித்தே நிறுத்தல் வேண்டும். தராசில் வெறும் பெட்டியை வைத்து எண்ணைச் சுழியாக்கக் கணப்பொழுது போதும்; அப்பொழுதைக் கண்ட குழந்தைகூட அக்கடையை நம்பும். உறையிலிட்ட பண்டத்தில் அச்சிட்ட உச்ச விலை, வரிகள் யாவும் அடங்கியது. அதன்மேல் வரியென்றும் குளிரூட்டுக் கூலியென்றும் கேட்டல் குற்றமாம்.

'பெருங்கடைக்காரர் செய்கின்றனரே, யாம் மட்டும் செய்யாவிடின் யார் வருவர்?' என்று அன்பர் சிலர் எம்மிடம் வினவியதுண்டு. வினாவில் நியாயமுண்டு, வாடகையும் கடனும் அவர்க்கன்றோ தெரியும்! ஆனால் பலகையின் அளவிற் பெருங்கடையை வெல்லல் சிறுகடைக்கு இயலாது. கெட்ட பருப்பை மறுநாள் திருப்பிக் கொணர்ந்தாரைப் பெயர் சொல்லி அழைத்து, முகங் கோணாது மாற்றிக் கொடுத்தல் இயலும். அவ்வம்மையார் அதனைப் பத்து வீட்டிற் சொல்வார். அவ்விளம்பரத்திற்குக் கூலியில்லை.

இன்னும் ஒன்று. துணிக்கடைகளிற் காலைமுதல் இரவுவரை நின்றுகொண்டே சேலை விரிக்கும் பெண்கள் யார்? நம் பிள்ளைகளும் அவருள் உளர். கால் வீங்கி நிற்பவள் வந்தாரை இன்முகத்தோடு வரவேற்றல் எங்ஙனம்? பணியாளர்க்கு இருக்கை கொடுத்தல் வேண்டுமென 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு முக்காலியின் விலை பெருஞ்செலவன்று. அடுத்த கூட்டத்திற்கு வருங்கால், கடைக்காரராகிய அங்கத்தினர் ஒவ்வொருவரையும் எத்தனை முக்காலி வாங்கினீரென்று கேட்பதாக இருக்கின்றோம்.