ஊசி போட்டும் வந்ததே, அப்புறம் எதுக்கு ஊசி?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொரோனா வந்து போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் நம் குழுக்களில் ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை. "ஊசி போட்டவங்களுக்கும்தான் வந்துச்சு, அப்புறம் எதுக்கு ஊசி?" என்கிறோம். இதைச் சொல்லியே கைக்குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசியையும் சில வீடுகளில் தள்ளிப் போடுகிறோம். இதற்குப் பதில் நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் தொண்டையில் குழாய் விடுவார்கள். அவர் மூச்சுக்காற்று நேராக டாக்டர், நர்ஸ் முகத்துக்கு வரும். துப்புரவுப் பணியாளர்களும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறார்கள். நோய்க்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சி.எம்.சி. ஊழியர்கள் சுமார் 10,600 பேரில் 8,991 பேர் ஊசி போட்டார்கள். இரண்டாம் அலை முடியும் முன்பே கணக்குப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் 100க்கு 27 பேருக்குக் கொரோனா வந்தது. இரண்டு ஊசியும் போட்டவர்களில் 100க்கு சுமார் 10 பேருக்கு வந்தது. ஆமாம், வந்ததுதான். ஆனால் ஆக்சிஜன் வைக்க வேண்டி வந்தது யாருக்கு? இரண்டு ஊசி போட்ட 7,080 பேரில் 4 பேருக்கு மட்டும். போடாத 1,609 பேரில் 11 பேருக்கு. அதுவரை கொரோனாவில் இறந்த ஒரே ஊழியர், வேறு நோய்களும் இருந்தவர், ஊசி போடாதவர்.

காரணம் என்ன? கிருமி உள்ளே வந்தாலும், ஊசி போட்டாலும், உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்க ஆன்டிபாடி என்ற பொருளை ரத்தத்தில் உண்டாக்குகிறது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தது. பொதுமக்களில் 100க்கு சுமார் 68 பேருக்கும், சுகாதார ஊழியர்களில் 85 பேருக்கும் ஆன்டிபாடி இருந்தது. மாதங்கள் போகப் போக இது குறையும். அதனால் சளி, காய்ச்சல் திரும்ப வரலாம். ஆனாலும் உடம்புக்கு அந்த அடையாளம் மறக்காது. உயிருக்கு ஆபத்து வராமல் பெரும்பாலும் காக்கும். நோய் வந்து அடையாளம் தெரிவதைவிட, ஊசியால் தெரிவது நல்லதுதானே?

ஷூ கம்பெனிக்குப் போகிற தாய்மார்களுக்குப் புதன்கிழமை லீவு போட்டால் கூலி போகும். அது நமக்குத் தெரியும். அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும் அடுத்த கூட்டத்தில் குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளை எடுத்துப் பார்ப்போம். யாருக்கு ஊசி பாக்கியோ, அந்தக் குழந்தையை, தாயிடம் கேட்டுக்கொண்டு, வேலைக்குப் போகாத உறுப்பினர் ஒருவர் நர்ஸம்மாவிடம் கூட்டிப் போகட்டும். கடன் பாக்கியை வசூல் பண்ணுகிற நாம், ஊசி பாக்கியையும் விடக்கூடாது.