பானையில் எழுதிய பெயர்

கார்த்திகை தீபத்துக்கு அகல் வாங்காத வீடு கீழ்பென்னாத்தூரில் உண்டா? சக்கரமும் சூளையும் தெரிந்த ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: கீழடி அகழாய்வில் கிடைத்த பழம்பொருள்களை வைத்திருக்கும் கீழடி அருங்காட்சியகம்.

சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டி, 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். தங்கமும் தந்தமும் அங்கே உண்டு. ஆனால் என் மனசு நின்றது பானைகளிடம்தான்.

கறுப்பு-சிவப்புப் பானையைப் பாருங்கள். வெளியே சிவப்பு, உள்ளும் வாயோரமும் கறுப்பு. இரண்டு சாயம் பூசியதல்ல. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறார்கள். காற்றுப் பட்ட இடம் சிவந்தது, காற்றுப் புகாத இடம் கறுத்தது. நெருப்பையும் காற்றையும் இப்படி ஆண்ட குயவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் இருந்திருக்க வேண்டும்!

சில ஓடுகளில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் பெயர்கள்: ஆதன், குவிரன். பெரும்பாலும் பானையின் தோள்பட்டையில் கீறியவை. கையெழுத்து ஓட்டுக்கு ஓடு மாறுவதால், குயவர் மட்டுமல்ல, பானைக்கு உரியவர்களும் எழுதியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எவ்வளவு பழமை என்றால், அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580. எழுத்து அரண்மனைச் சொத்தாக இல்லை, அடுப்படி வரை வந்திருந்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

அருங்காட்சியகம் மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போது அரை நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்த எழுத்துகளை அவர்களே வாசித்துப் பார்க்கட்டும்.