தேங்காய்த் துருவலை வீட்டிலேயே உலர்த்தி வைப்போம்

(நமது அறக்கட்டளையின் மகளிர் நலப் பிரிவு மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேசையில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. முதல் பாட்டிலில் வெள்ளை வெளேரென்று தேங்காய்த் துருவல். அதை நீங்கள் திறந்து பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், வாயில் போட்டும் பார்க்கலாம். இரண்டாவது பாட்டிலை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். அதற்குள் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரிகின்றன அல்லவா? அது நாங்கள் கெடுத்தது. நமக்கெல்லாம் ஒரு பாடமாக இருக்கட்டும் என்று மூடியே வைத்திருக்கிறோம்.

நம் பகுதியில் தேங்காய்க்கு அறிமுகம் தேவையில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். கொல்லையில் நின்ற நாலு மரத்தையும் ஒரே இரவில் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாலு மரத்துக் காயை வியாபாரியிடம் கொண்டுபோனால் அவர் சொல்வதுதான் விலை. வீட்டில் போட்டு வைத்தாலோ பாதி முளைத்துவிடுகிறது. உடைத்த மூடி இரண்டு நாளில் வழுவழுத்துப் போகிறது. விலை ஏறும்போது வாங்க முடியவில்லை, இறங்கும்போது வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. இதற்கு ஒரு வழியாகத்தான் துருவலை உலர்த்தி வைக்கும் வேலையைத் தொடங்கினோம்.

நம் ஸதகா நிதியிலிருந்து நான்கு சகோதரிகளுக்குச் சிறிய மிக்ஸி வாங்கிக் கொடுத்தோம். நால்வரும் கணவரை இழந்தவர்கள் அல்லது குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். அவர்கள் உலர்த்தித் தரும் துருவலை நாமே விலைக்கு வாங்கி, ரமழானுக்குக் கொடுக்கும் மளிகைப் பையில் கால் கிலோ பொட்டலமாக வைப்பது என்று முடிவு செய்தோம். ஒரு கை கொடுக்க, இன்னொரு கை பெற, இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும் என்று மகிழ்ந்தோம்.

பை கொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு வயதான உம்மா முந்தானையில் மறைத்துப் பொட்டலத்தை எடுத்து வந்தார். பலர் முன்னால் கொடுக்கவில்லை. எல்லாரும் போன பிறகு, "குறை சொல்றேன்னு நினைக்காதீங்கம்மா, கஞ்சிக்குப் போடலாம்னு பிரிச்சேன், வாடை அடிக்குது" என்றார். பிரித்துப் பார்த்தோம். இதோ, இந்தப் பாட்டிலில் இருப்பது அதுதான்.

அன்றிரவே வீடு வீடாகப் போய்ப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கினோம். தேடிப் போகும்வரை காத்திராமல் சிலர் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தார்கள். "இலவசமாக வந்தது, எப்படிச் சொல்வது" என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்த வார்த்தைதான் எங்களை அதிகம் சுட்டது.

அந்தத் துருவலைச் செய்த சகோதரி அழுதார். ஆனால் தவறு அவருடையது அல்ல, எங்களுடையது. தை மாதப் பனி, நாலு நாள் மூட்டம், வெயிலே இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று நாள் குறித்தது நாங்கள். கொண்டுவந்ததைப் பொட்டலத்தின் கணக்கை மட்டும் பார்த்து வாங்கியதும் நாங்கள். காய்ந்திருக்கிறதா என்று ஒருவரும் கையை விட்டுப் பார்க்கவில்லை. அவருடைய கூலியை முழுமையாகக் கொடுத்தோம். பொதுப்பணம் ஓர் அமானத். அதைச் செலவழிப்பதில் மட்டுமல்ல, அதனால் வாங்கும் பொருளைச் சோதிப்பதிலும் அந்த அமானத் இருக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

இனி, எப்படிச் செய்வது என்று பார்ப்போம். இதை அந்தச் சகோதரியும் நாங்களும் சேர்ந்து பல முறை செய்து பார்த்த பிறகே சொல்கிறோம்.

முதலாவது, காய். நன்றாக முற்றிய காய்தான் வேண்டும். இளங்காயில் தண்ணீர் அதிகம். காயவும் நேரமாகும், துருவலும் ஒட்டிக்கொள்ளும். உடைத்தவுடன் முகர்ந்து பாருங்கள். ஒரு மூடி ஊசியிருந்தாலும் அதை மொத்தத்தோடு சேர்க்காதீர்கள். மூடியை அடுப்புத் தணலில் சற்றுக் காட்டினால் பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று வரும். பழுப்புத் தோலைச் சீவிவிட்டால் துருவல் வெண்மையாக வரும். குழம்பு மசாலாவுக்கு மட்டும் என்றால் தோலோடு இருந்தாலும் குற்றமில்லை. தோல் சீவிய பிறகு எடை போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த எழுத்து கடைசியில் நமக்குக் கைகொடுக்கும்.

இரண்டாவது, ஆவி. துண்டுகளைக் கழுவி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். "எப்படியும் காயவைக்கத்தானே போகிறோம், இது எதற்கு?" என்று கேட்பீர்கள். காயவைத்தால் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து பிரிட்டனுக்குப் போன உலர்ந்த துருவலில் சால்மொனெல்லா கிருமி இருப்பது தெரிய வந்தது. அதன் பிறகு, உலர்த்துவதற்கு முன் தேங்காயைக் கொதிநீரிலோ ஆவியிலோ காட்டுவது அந்தத் தொழிலில் நடைமுறையானது. பெரிய ஆலைக்கே தேவைப்பட்டது நம் அடுக்களைக்கு வேண்டாமா? ஆவியிலிருந்து எடுத்ததைச் சுத்தமான உலர்ந்த துணியில் பரப்பி ஆறவிடுங்கள். இதற்குப் பிறகு தொடும் கை, கத்தி, ஜார் எல்லாம் கழுவித் துடைத்ததாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மிக்ஸி. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். துண்டுகளை அரை அங்குல அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். சின்ன ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. விட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு விநாடி மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாறு முறையில் ரவை போல வந்துவிடும். தொடர்ந்து ஓடவிட்டால் பாலும் எண்ணெயும் கசிந்து விழுதாகிவிடும். விழுது ஒருபோதும் ஒழுங்காகக் காயாது. சிறிய மிக்ஸி விருந்து வீட்டு வேலைக்குச் செய்ததல்ல. நாலைந்து ஜார் அரைத்ததும் சற்று ஓய்வு கொடுங்கள். சூடேறி நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஓடும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். பிளேடைக் கழுவும்போது பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

நான்காவது, காயவைப்பது. நல்ல வெயில் இருந்தால் மொட்டைமாடியில் பெரிய தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, மேலே வலைத்துணி கட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். அஸருக்குப் பிறகு உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் பகல் முழுதும் காய்ந்தது வீண். இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வெயில் இல்லாத நாளில் அடிகனமான வாணலியில் இரண்டு கோப்பை மட்டும் போட்டு, மிகச் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். நிறம் மாறத் தொடங்கினால் தீ அதிகம் என்று பொருள். வெயிலில் காய்ந்ததையும் கடைசியில் ஒருமுறை வாணலியில் காட்டிவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. வெயிலும் இல்லை, நேரமும் இல்லை என்றால் அன்று செய்யாதீர்கள். காய் உடையாமல் இருக்கும்வரை அதற்கு ஆபத்தில்லை.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். நாங்கள் ஏமாந்தது அப்படித்தான். தேங்காய்ப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். ஆகவே ஒரு கிலோ பச்சைத் துருவல் நன்றாகக் காய்ந்தால் 550 கிராம் அளவுக்கு இறங்கும். 650, 700 கிராமில் நின்றால் அது காயவில்லை. காய்க்குக் காய் சற்று மாறும் என்பதால் இன்னொரு வழியையும் வைத்துக்கொள்ளுங்கள். எடை போடுங்கள், இன்னும் ஒரு மணி நேரம் காயவைத்து மறுபடி போடுங்கள். எடை குறையாமல் நின்றால்தான் முடிந்தது. தராசு இல்லாதவர்கள் ஆறிய துருவலில் ஒரு கரண்டியை உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூடி, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் லேசாக வியர்த்தாலும் இன்னும் ஈரம் இருக்கிறது.

முழுவதும் ஆறிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுக்கும். இறுக்கமான மூடி, வெளிச்சம் படாத இடம், உலர்ந்த கரண்டி. வெளியில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். அதற்கு மேல் என்றால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். காறல் வாடை வந்தாலோ, ஒரு புள்ளி பூஞ்சை தெரிந்தாலோ, அந்தப் பக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்ள வேண்டாம். சிலவகைப் பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. வீண்விரயம் கூடாதுதான். ஆனால் கெட்டதைத் தின்பது சிக்கனம் ஆகாது. உண்மையான சிக்கனம், கெடுவதற்கு முன் செய்யும் வேலையில் இருக்கிறது.

இந்தத் துருவல் எதற்கெல்லாம் ஆகும்? நோன்புக் கஞ்சி, குருமா, பொடி வகை, பிள்ளைகளுக்கான இனிப்பு எல்லாவற்றுக்கும் ஆகும். வெந்நீரில் ஊறவைத்து அரைத்துப் பிழிந்தால் பாலும் வரும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: வட்டலப்பத்துக்குப் பச்சைத் தேங்காய்ப் பாலின் ருசி இதில் வராது.

விற்க நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும். விண்ணப்பிக்க நம் அலுவலகத்தில் உதவி செய்கிறோம். பொட்டலத்தில் செய்த தேதியை எழுதுங்கள். பழையதைப் புதியதோடு கலக்காதீர்கள். எடை ஒரு கிராம் கூடலாம், குறையக் கூடாது.

எங்களுக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். இனி எந்தப் பொட்டலத்தையும் முதலில் எங்கள் வீட்டு அடுப்பில் சமைத்துப் பார்த்த பிறகே பையில் வைப்போம். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை இன்னொருவர் வீட்டுக்கு ஸதகா என்று அனுப்பமாட்டோம். வாங்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அந்த உம்மா அன்று வந்து சொல்லாமல் போயிருந்தால் அந்தக் கஞ்சியை எத்தனை வீட்டில் குடித்திருப்பார்களோ!

அன்று அழுத சகோதரிதான் இன்று இந்த வெள்ளைத் துருவலைச் செய்தவர். அடுத்த வாரம் முதல் கற்றுக்கொடுக்கப் போகிறவரும் அவரே, இன்ஷா அல்லாஹ். வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு முற்றிய காயும் ஒரு உலர்ந்த பாட்டிலும் கொண்டு வாருங்கள். மிக்ஸியும் தராசும் இங்கே இருக்கும்.

நம் உழைப்பிலும் உணவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.