தீவுக்கு வந்த பழைய மோட்டார் சைக்கிள்



பணி நிமித்தம் வேற்று மாநிலம் செல்லும் தமிழர் கட்டிலையும் பீரோவையும் விற்றுவிடுவர். மோட்டார் சைக்கிளை மட்டும் விற்க மனம் ஒப்பார். அதிலும் அது தந்தையார் ஓட்டிய வண்டியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டா. 1955இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்துவந்த புல்லட், மைசூரில் 1996 வரை செய்யப்பெற்ற ஜாவா, எஸ்டி வகைகள், 1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவை வங்கக் கடலைத் தாண்டி அந்தமானுக்கும் வந்துள்ளன. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயர் நகரின் மேடு பள்ளமான தெருக்களில் அவற்றின் ஒலியை இன்றும் கேட்கலாம். அத்தகைய வண்டியைத் தீவில் எவ்வாறு காப்பது என்பதே இன்றைய பேச்சு. மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ கடலோரம் குடியிருக்கும் அன்பர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வண்டியைக் கொணர்வது. சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். வண்டி சரக்காகவே ஏற்றப்பெறும். டாங்கியிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஒரு துளியும் இல்லாமல் வடித்துவிட வேண்டும். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பக்கக் கண்ணாடிகளைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நலம். பலர் வண்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி அனுப்புகின்றனர். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றி மூன்று நாளில் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆதலின் உலோகப் பகுதிகளில் எண்ணெய் பூசிச் சாக்குத்துணியால் சுற்றுவதே மேல். ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்றையும் கையோடு வாங்கிவர வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதுப் பதிவு எண் பெறவேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. 15 ஆண்டு கடந்த வண்டியாயின் பதிவைப் புதுப்பித்திருப்பதும் இன்றியமையாதது.

வந்து சேர்ந்த வண்டிக்கு இங்கே முதற்பகை மழை என்றே எவரும் எண்ணுவர். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் ஆதலின் அவ்வாறு எண்ணுவது இயல்பே. உண்மையில் மழை வண்டியைக் கழுவித்தான் விடுகிறது. பகை, கடற்காற்றில் வரும் உப்பு. உப்புக்குக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. உப்புப் படிந்த இரும்பு, வெயிலில் நிற்கும்போதும் கண்ணுக்குத் தெரியாமல் நனைந்தே இருக்கிறது. பாட்டரிப் பெட்டியின் அடி, மட்கார்டின் உட்புறம், சைலன்ஸரின் கீழ்ப்புறம், ஸ்போக்குகள் ரிம்மில் நுழையும் இடம் என நாம் துடைக்காத இடங்களிலேயே துரு குடியேறும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர். ஆனால் கோடையில் தனிக்காரி அணையின் நீர் குறைந்து, குழாயில் முறை வைத்துத் தண்ணீர் வரும் காலத்தில், வண்டி கழுவுவதைப் பற்றிப் பேசினால் வீட்டிலுள்ளோர் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பர்! இரண்டு வாளி போதும். ஒரு வாளியைக் கீழ்ப்பகுதிக்கும் சக்கரங்களுக்கும் ஊற்ற வேண்டும். மற்றதில் துணியை நனைத்து மேற்பகுதியைத் துடைக்க வேண்டும். உலர்ந்தபின் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவ வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். தார்ப்பாய் போட்டு மூடுவதைக் காட்டிலும் காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் நிறுத்துவது நல்லது. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மாற்றாக எவர்சில்வர் போல்ட்டுகளைப் பூட்டுவது இங்கே வழக்கம். நல்ல வழக்கமே, ஆயினும் அலுமினியத்தில் பூட்டும்போது கிரீஸ் தடவிப் பூட்டாவிடில், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு, போல்ட் பின்னர் அசையாது நின்றுவிடும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் பகுதியின் வயல்களிலும் சாலையிலும் கடல்நீர் ஏறியது. அவ்வாறு கடல்நீர் சக்கர நடு வரை ஏறிய வண்டியை அன்றே கழற்றி, பிரேக் டிரம்மையும் பேரிங்குகளையும் நல்ல தண்ணீரில் கழுவிப் புது கிரீஸ் இட வேண்டும். என்ஜினுக்குள் கடல்நீர் புகுந்ததெனில் கிக்கரைத் தொடவே கூடாது.

அடுத்து, கிலோமீட்டர்க் கணக்கு. வண்டியோடு வரும் கையேடுகள் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுக என்று கூறுகின்றன. ஊரில் அது சரி. இங்கோ டெலானிப்பூரிலிருந்து அலுவலகம் சென்று மீண்டால் நான்கைந்து கிலோமீட்டர்தான் ஆகும். என்ஜின் நன்கு சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. ஆதலின் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாவதில்லை. எண்ணெயோடு கலந்து, திறந்து பார்த்தால் மோர்போல் வெளுத்திருக்கும். எனவே ஓடிய தூரம் சிறிதாயினும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறையேனும் வண்டூருக்கோ சிடியா டாப்புவுக்கோ ஓட்டிச் செல்லலாம். இரண்டும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியை நெடுநாள் ஓட்டாது நிறுத்தினால் கிராங்க் பேரிங்குகளில் துரு ஏறும். டாங்கியை அரைகுறையாக விடாமல் நிரப்பியே வைப்பது எல்லா வண்டிக்கும் நல்லது. வெற்றிடத்தில் உள்ள ஈரக்காற்றே டாங்கியின் உட்புறத்தை அரிக்கிறது. அந்தத் துருத்தூள்தான் கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கிறது. பழைய புல்லட்டில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை துடைத்து அளந்து பார்க்கவேண்டும்.

ஜெட், பாயிண்ட், பேரிங் என்று தமிழ்ப் பேச்சில் அடுக்குகிறோமே என்று சிலர் முகம் சுளிக்கலாம். மொழிபெயர்ப்பே நம் தொழில். இச்சொற்களை மட்டும் நாம் தொடுவதில்லை. அபர்டீன் கடைவீதிப் பக்கத்துப் பட்டறைகளில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் தமக்குள் இந்தியில் பேசிக்கொள்கின்றனர். அங்கே அனைவருக்கும் உடனே விளங்கும் சொற்கள் இவையே. புதுச்சொல் ஆக்கிச் சென்றால் வண்டி பழுது நீங்காமல் திரும்பும்.

எல்லாவற்றினும் கவனிக்க வேண்டியது பிரேக். பழைய வண்டிகளில் முன்பிரேக் ஒரு கம்பிக் கேபிளை நம்பியிருக்கிறது. உறைக்குள் புகுந்த உப்பு ஈரம், கேபிளின் இழைகளை ஒவ்வொன்றாகத் தின்னும். வெளியே கறுப்பு உறை புதிதுபோல் பளபளக்கும். பிரேக் பிடியில் கேபிள் மாட்டும் முனையருகே இரண்டு இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால், மற்றவையும் அறும் நிலையில் உள்ளன என்று கொள்க. அவை அறுவது சமதரையில் அன்று. பிரேக்கை முழுவலிமையோடு பிடிக்கும் இறக்கத்தில்தான். இவ்வூரிலோ இறக்கம் இல்லாத தெருவே அரிது. ஆகவே முன்பிரேக் கேபிளையும் கிளட்ச் கேபிளையும் நன்றாயிருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது நம் துணிபு. சில நாள் நின்ற வண்டியில் டிரம்மில் துரு படிந்திருக்கும். முதல் பிரேக் வெடுக்கென்று பிடிக்கும். வீட்டு வாசலிலேயே மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சாலைக்கு வருக. மேலும் பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இக்கால வண்டி ஓட்டிப் பழகிய இளைஞர் அவசரத்தில் வலக்காலை அழுத்துவார். அங்கே பிரேக் இராது. அன்புக்குரிய தம்பியே கேட்டாலும், பழகாதவருக்கு இரவல் தர வேண்டா.

அணிவன பற்றியும் கூறவேண்டும். தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும், 2021 ஜூன் முதல் முத்திரையற்றதை விற்பதே குற்றம். இங்குள்ள ஈரத்தில் அதன் உட்பஞ்சு பூசணம் பிடிக்கும். அடிக்கடி வெயிலில் உலர்த்துக. மழைக்கோட்டு, சட்டையும் காற்சட்டையுமாக இரண்டு துண்டாக இருப்பதே தக்கது. போர்வைபோல் தொங்கும் வகை பின்சக்கரத்தில் சிக்கும். ரப்பர் செருப்போடு புல்லட்டை உதைத்துக் கிளப்புவது கணுக்காலுக்குப் பகை. இந்திய நேரப்படி இயங்கும் இத்தீவுகளில் டிசம்பரில் மாலை 5 மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். அலுவலகம் விட்டு வீடு திரும்புவது இருளில்தான். விளக்கு மங்கினால் பல்பைக் குறைகூறுமுன் எர்த் ஒயர் பூட்டிய இடத்தைச் சுரண்டித் துருவை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒளி மீளும்.

ஊருக்கு விடுமுறையில் செல்லும்போது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பிளக், கண்டென்சர், பாயிண்ட், செயின் இணைப்பு, டியூப், கேபிள்கள் ஆகியவற்றை வாங்கிவரலாம். கிடைக்காத பழம்பாகங்களுக்குப் புதுப்பேட்டை உண்டு. ஆயினும் கேபிளும் பிரேக் ஷூவும் அங்கே பழையதாக வாங்குதல் ஆகாது. வாங்கியவற்றை எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் வைத்துவிடுங்கள்.

இறுதியாக, மாற்றல் முடிந்து வண்டியுடன் ஊர் திரும்புவோருக்கு ஒரு செய்தி. 2019 ஏப்ரலில் எத்தனால் கலந்த பெட்ரோல் திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பெற்றபோது அந்தமானும் இலட்சத்தீவும் விலக்கப்பட்டன. பெருநிலத்திலோ 2025இல் அக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. அதற்கென அமையாத பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதில் ஊறிக் கசியக்கூடும். சென்னைத் துறைமுகத்தில் வண்டியை இறக்கியதும், முதல் பெட்ரோல் ஊற்றுமுன் அவற்றை மாற்றிவிடுங்கள்.