வற்றும் குளமும் வித்து மீனும்



தூத்துக்குடி என்றவுடன் கடலே நினைவுக்கு வரும். முத்தும் சங்கும் உப்பும் துறைமுகமும் இவ்வூரின் பெயரோடு ஒட்டிப் பிறந்தவை. ஆயின், இக்கடற்கரைக்குப் பின்னால் தாமிரபரணியின் கடைமடைக் குளங்கள் வரிசையாக உள்ளன என்பதைப் பலர் எண்ணுவதில்லை. மருதூர், திருவைகுண்டம் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் கடம்பாகுளம், பெருங்குளம், கோரம்பள்ளம் குளம் முதலியவற்றை நிரப்புகின்றன. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய கொற்கையிலிருந்து கடல் விலகிப் போயிற்று. இன்று அங்கே இருப்பவை வயலும் குளமுமே. நெய்தலும் மருதமும் தோளோடு தோள் உரசி நிற்கும் நிலம் இது. இவ்வுரை அம்மருதத்தின் குளத்தைப் பற்றியது; நீர் வற்றுங்கால் மனிதன் மீனிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியது.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் ஒரு குளம் எவ்வாறு சுருங்கும் என்பதைக் கரையில் நின்று பார்த்தவர் அறிவர். முதலில் நீர்ப்பிடிப்பின் ஓரம் வெளுக்கும். பிறகு சேறு வெடிக்கும். இறுதியில் மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் நீர் நிற்கும். குளம் முழுவதும் பரவி வாழ்ந்த மீனெல்லாம் அப்பள்ளத்தில் வந்து கூடும். நிறைந்த குளத்தில் நாள் முழுதும் தேடினும் அகப்படாத மீன், வற்றிய குளத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்.

ஆனால் அத்தொலைவைக் கடப்பது எளிதன்று. இடையில் கிடக்கும் சேறு முழங்காலுக்கு மேல் புதையும். படகு மிதக்க ஆழம் போதாது. தென்மாவட்டத்து உழைப்பாளி இதற்குக் கண்ட வழி லாரி டியூப். காற்றடைத்த டியூபின் குறுக்கே கயிற்றைப் பின்னியோ பலகையைக் கட்டியோ அதன்மேல் அமர்வான், கைகளே துடுப்பு. ஓசையின்றி நகர்ந்து வலை விரிப்பான், தூண்டில் இடுவான். மன்னார் வளைகுடாக் கரையில் தெர்மாகோல் பலகைகளைக் கட்டி ஒற்றை ஆளாகக் கடலில் இறங்குவோரும் இவன் உறவினரே.

இதனை ஏழ்மை கண்ட புதுவழி என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. தூத்துக்குடிக் கடலின் முத்தையும் சங்கையும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவர். நீர்வழி ஊர்திகளைப் பற்றி அவர் எழுதி 1946இல் வெளிவந்த பெருநூல், கப்பலிலிருந்து தொடங்கவில்லை. காற்றடைத்த தோல், பானை போன்ற எளிய மிதவைகளிலிருந்தே தொடங்குகிறது. ஊதிய தோற்பையைத் தழுவி வீரர் ஆற்றைக் கடக்கும் காட்சியை, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசீரிய அரண்மனைச் சிற்பத்தில் காணலாம். தமிழில் 'புணை' என்னும் சொல் இக்குடும்பத்தின் மூத்த உறுப்பினர். சங்க மகளிர் புனலாடுகையில் பற்றிய புணையை, வள்ளுவர் இன்பத்துப்பாலில் உவமையாக்கினார்.

இதே மிதவை அமெரிக்காவில் வேறொரு கோலம் கொண்டது. அங்கே பாஸ் என்னும் வேட்டைமீனை விரும்பித் தேடும் தூண்டிற்காரர், வளையத்தின் நடுவே தொங்கும் இருக்கையில் அமர்ந்து, நீருக்குள் தொங்கும் கால்களில் துடுப்புச் செருப்பு அணிந்து உதைக்கின்றனர். உதைக்க உதைக்க மிதவை பின்னோக்கியே செல்லும். வறட்சியில் நீர்த்தேக்கம் தாழும்போது, நீருக்குள் மறைந்திருந்த அடிமரங்களும் பாறைகளும் வெளிப்பட, மீன் ஒதுங்கும் இடங்கள் அவர்களுக்குத் தெளிவாகின்றன. இவ்வாறு பிடித்த பாஸைத் திரும்ப நீரில் விடுவோர் பலர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பாஸ் கூடு காக்கும் காலத்தில் பல நீர்நிலைகளில் அதனைப் பிடிக்க அனுமதி இல்லை.

தமிழகக் குளங்களில் பாஸுக்கு ஈடாகச் சொல்லத்தக்கது விரால். சங்க நூல்கள் வரால் எனச் சுட்டும் மீன். அல்லி இலையின் அடியில் அசைவின்றிக் கிடந்து, தவளை தாவியதும் பாயும் இயல்புடையது. ஆதலால் தவளையே அதற்குரிய இரை. இன்று பாஸுக்கென உருவான ரப்பர்த் தவளைகளும் விராலைத் தேடி இங்கு வந்துவிட்டன.

விராலின் வாழ்வில் இரு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, அது நீர்மேல் வந்து காற்றை விழுங்கி மூச்சுவிட வல்லது; ஆகவே நீர் வற்றினும் ஈரச் சேற்றுக்குள் சில காலம் உயிர் தாங்கும். மற்றொன்று, அது குஞ்சுகளைக் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுகள் நீர்மேல் திரளாக மொய்க்க, தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் புரியும். அத்திரளின் அருகே தூண்டில் தவளை விழுமாயின், பெற்ற மீன் பசியால் அன்று, சினத்தால் பாயும். காவல் போன குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். ஒரு தூண்டிலில் சிக்குவது ஒரு மீன். அழிவதோ ஒரு தலைமுறை.

"வற்றும் குளத்தில் மீன் எப்படியும் சாகத்தானே போகிறது, பிடித்தால் என்ன பிழை?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மீன்பாசிக் குத்தகைக்குப் பணம் கட்டியவனுக்கு நீரோடு முதலும் வற்றுகிறது. கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் வளர்ப்புக் குஞ்சாக வாங்கி விடப்படுபவை. அவை நீரோடு மடியும். மீண்டும் வாங்கி விடலாம். அவற்றை எடுத்தல் அறுவடையே. ஆனால் விரால், யாரும் விடாமல் தானே குளத்தில் நிலைத்த மீன். சேற்றில் பிழைத்துக் கிடக்கும் சில விரால்களே, அடுத்த மழைக்குக் குளத்தை மீண்டும் நிறைக்கும் வித்து. விதைநெல்லைக் குத்தி உண்ட வீட்டுக்கு வரும் மழையால் பயன் யாது? 2023 திசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, வறண்ட நிலம் வெள்ளக்காடானது. நீர் எவ்வளவு காலம் தாழ்த்தினும் ஒருநாள் திரும்பி வரும். வருகையில் அதனை வரவேற்க உள்ளே ஓர் உயிர் இருக்க வேண்டும் அன்றோ?

எடுக்காமல் விடும் அறிவு இக்கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்ததில்லை. முதலில் பார்களைச் சோதிப்பர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து எண்ணுவர். அவற்றின் முத்தை மதிப்பிடுவர். சிப்பி இளையதாகவோ குறைவாகவோ இருப்பின் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. பல ஆண்டுகள் அவ்வாறே கழிந்துள்ளன. 1961க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இன்றும் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்வதில்லை. கடலுக்கு உள்ள இந்த ஓய்வைக் குளத்துக்கும் வழங்குவது ஊரார் கையில் உள்ளது. மடைப் பள்ளத்தில் ஒரு பகுதியை வலையும் தூண்டிலும் படாமல் விடுதல், குஞ்சுத் திரளைக் கண்டால் டியூபைத் திருப்புதல் ஆகிய இரண்டே போதும். இவற்றுக்குச் செலவில்லை, மனம் வேண்டும்.

அம்மனத்தை ஊட்டும் பொறுப்பு கவிஞருக்கு உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு தூண்டிற்காரனைக் காட்டுகிறார். இரையைக் கவ்விக்கொண்டு தூண்டிலுக்குத் தப்பிய வாளைமீன், பின்னர் நீரருகே நின்ற பிரம்பின் நடுங்கும் நிழலைக் கண்டும் அஞ்சுகிறது. மன்னனின் வளநாட்டைப் பாட வந்த புலவர், இடையில் ஒரு மீனின் அச்சத்துக்கும் இடம் தந்தார் என்பது நோக்கத்தக்கது. பிடித்தவனின் மகிழ்ச்சியைப் பாடுவது எளிது. தப்பியதன் நடுக்கத்தை அறிய நீரின் அருகே செல்ல வேண்டும்.

டியூபில் அமர்ந்த மனிதன் அவ்வளவு அருகே சென்றவன். கரையில் நிற்பவனுக்குத் தெரியாத செந்நிறக் குஞ்சுகள் அவன் கண்ணுக்குத் தெரியும். கண்டபின் கையை நீட்டுவதா, மடக்குவதா என்பதே கேள்வி. பத்தாண்டுகள் தமிழைப் போற்றிய இவ்வட்டம் அக்கேள்வியையும் தன் பாடுபொருளாக ஏற்குமாயின், வற்றிய குளங்களில் வித்து மீன் சில மிஞ்சும். மழை வரும்போது அவை பெருகும்.