கிணற்றிலிருந்து எடுத்த பிள்ளைக்கு முதல் உதவி



குடும்ப நலப் பேச்சு என்றதும், "பிள்ளை போதும்னு சொல்ல வந்துட்டாங்க" என்று நினைப்பீர்கள். இன்று அந்தப் பேச்சு இல்லை. பெற்ற ஒன்றிரண்டைப் பறிகொடுக்காமல் காப்பது பற்றித்தான் பேச வந்தேன்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கண்மாய், வாசல் தொட்டி எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. தவழும் குழந்தை மூழ்க அரை வாளித் தண்ணீர் போதும். பிள்ளையை வெளியே எடுத்ததும் என்ன நடக்கிறது? "தண்ணி குடிச்சிருச்சு, தலைகீழாப் பிடிங்க" என்று ஒருவர் காலைப் பிடித்துச் சுற்றுவார். இன்னொருவர் வயிற்றை அமுக்குவார். நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் பிள்ளையின் உயிர் போவது வயிற்றிலுள்ள தண்ணீரால் அல்ல, மூச்சு நின்றதால். வயிற்றை அமுக்கினால் அதில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கும். நேரமும் வீணாகும். மூச்சு நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 வண்டி ஓடுகிறது. ஆனாலும் அது தோட்டத்துக் கிணற்றடிக்கு வந்து சேரும் வரை அங்கே இருப்பது நீங்கள் இருவரும்தான்.

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டுத் தட்டிப் பாருங்கள். அசைவில்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்றால் ஒருவர் 108-க்குப் பேசட்டும். மற்றவர் உடனே தொடங்கட்டும். எப்போதாவது விக்கல் போல இழுப்பதை மூச்சு என்று எண்ணி ஏமாறாதீர்கள். நெற்றியைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் பொருத்தி ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மெதுவாக ஊத வேண்டும். நெஞ்சு எழும்பினால் காற்று போகிறது என்று அர்த்தம். முதலில் இரண்டு முதல் ஐந்து முறை ஊதுங்கள்.

அப்படியும் அசையவில்லையா? நெஞ்சு நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து அழுத்துங்கள். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழ விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது விநாடிக்கு இரண்டு என்ற கணக்கு. 30 அழுத்தல், 2 ஊதல். கை ஓய்ந்தால் ஆள் மாறுங்கள். பிள்ளை மூச்சு விடும் வரை, அல்லது வண்டி வரும் வரை நிறுத்தாதீர்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டு மறுபடி தொடருங்கள்.

பிழைத்து எழுந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணற வைக்கும்.

"நாலு பேர் முன்னால வாயில வாய வைக்கிறதா?" என்று கூசுபவர்கள் உண்டு. நீங்கள் பெற்ற பிள்ளைக்குக் கூச்சம் என்ன? வயல்காட்டில் பெரியவர் ஒருவர் திடீரென மார்பைப் பிடித்துச் சாய்ந்து மூச்சு நின்றால், ஊதத் தெரியாதவர் இரு கைகளாலும் நெஞ்சை ஐந்து செ.மீ. ஆழத்துக்கு விடாமல் அழுத்தினாலே உதவிதான்.

இதைக் கேட்டால் மட்டும் கை பழகாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் நாளில் டாக்டரையோ நர்சம்மாவையோ செய்து காட்டச் சொல்லுங்கள். இன்று ராத்திரி தலையணையை வைத்து ஒருவர் அழுத்த, ஒருவர் எண்ணிப் பாருங்கள். நன்றாக மூச்சு விடுகிறவர் நெஞ்சில் மட்டும் பழகிப் பார்க்காதீர்கள்.